எந்த மரத்துப் பழம்?

(கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில், மாசி மாத ஞாயிறு மாலை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



அழைப்பிதழைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் எனக்குப் போன் செய்தார்கள். 'காட்டு ப்ளம்: பொறுக்குவதும் பக்குவம் செய்வதும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறதே, கரிசக்காட்டில் ப்ளம் ஏது, கொடைக்கானலிலிருந்து யாரும் பேச வருகிறார்களா என்று கேட்டார்கள். யாரும் வரவில்லை, நான்தான் பேசப் போகிறேன். பழமும் கொடைக்கானல் பழமில்லை. மேசையில் இருக்கிற இந்த மஞ்சள் பையின் வாயைத் திறந்தால் முன்வரிசைக்காரர்களுக்கு வாசனையே சொல்லிவிடும். இலந்தைப் பழம்.

தலைப்பை வேண்டுமென்றேதான் அப்படி எழுதிக் கொடுத்தேன். வெள்ளைக்காரர்கள் வெப்ப நாடுகளில் பேர் தெரியாத பழத்தைக் கண்டால் ப்ளம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். இலந்தை 'இந்தியன் ப்ளம்'. நாவல் 'ஜாவா ப்ளம்'. சொத்தைக்களா 'கவர்னர்ஸ் ப்ளம்'. நம்ம களாக்காய்க்கு ஆப்பிரிக்காவில் ஒரு தங்கச்சி உண்டு, அது 'நேட்டல் ப்ளம்'. இவற்றில் ஒன்றுகூட ப்ளம் இல்லை. அசல் ப்ளம் ரோஜாவின் குடும்பம். இலந்தைக்கும் அதற்கும் நெருங்கிய உறவில்லை. தாவரவியல் பெயரிலும் இதே கூத்துதான். 1789-இல் லாமார்க் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு 'ஜிஜிபஸ் மவுரிஷியானா' என்று பெயர் வைத்தார். மொரீஷியஸ்காரி என்று அர்த்தம். மரமோ ஆசியாவின் மரம்.

நம்மவர்கள் இந்த மரத்தை வெகுகாலமாக அறிவார்கள். பழந்தமிழில் இதற்கு இரத்தி என்றொரு பெயர். புறநானூற்றில் ஊர் மன்றத்தில் நிற்கிற மரமாக வருகிறது. வடமொழியில் பதரி. அதைத்தான் திருமங்கையாழ்வார் வதரி என்று பாடினார். பத்ரிநாத்துக்குப் பேர் கொடுத்ததே இந்த மரம்தான். பவானி கூடுதுறைச் சங்கமேஸ்வரர் கோயிலுக்குத் தலமரம் இலந்தை. இவ்வளவு பெருமையும் இருக்க, இலந்தை என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு 1968-இல் 'பணமா பாசமா' படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய பாட்டுத்தான் மனதில் ஓடும் என்பதும் எனக்குத் தெரியும். ஓடட்டும், அதுவும் நல்ல பாட்டுத்தான்.

நான் பேச வந்தது ஒரு கேள்வியைப் பற்றி. எங்கள் ஆச்சி கேட்ட கேள்வி.

எனக்கு ஒன்பது, பத்து வயது. பாவாடையை மடித்துக் கட்டி, அது நிறைய இலந்தைப் பழம் பொறுக்கிக்கொண்டு புறவாசல் வழியாக வருவேன். ஆச்சி முற்றத்தில் உட்கார்ந்து சொளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருப்பாள். பழத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டாள். "ஏட்டி, எந்த மரத்துப் பழம்?" என்பாள். "கிணத்து மரம் ஆச்சி" என்றால் சொளகை உதறிக் கவிழ்த்து என் பக்கம் தள்ளுவாள், அதில் கொட்டு என்று அர்த்தம். "ரயில் ரோட்டு மரம்" என்றால், "தின்னு தீத்துரு. உரலுக்கு ஆகாது" என்பாள். அத்தோடு சரி, மறுபடி உளுந்துதான்.

அந்த வயதில் அது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. முள்ளெல்லாம் கிழித்து, இடுப்பு ஒடியப் பொறுக்கிக்கொண்டு வந்த பழம். எல்லாம் இலந்தைதானே, இதில் என்ன மரத்துக்கு மரம் வித்தியாசம் என்று தோன்றும். பின்னால் தாவரவியல் படித்து, முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, ஓய்வும் பெற்று, தனியாக இலந்தை வடை போட உட்கார்ந்தபோதுதான் அந்தக் கேள்வியின் கனம் தெரிந்தது.

எங்கள் ஊரில் அன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தெரிந்து ஏழு மரம். கிணத்து மரம், சுடலை கோயில் மரம், ரயில் ரோட்டு மரம், களத்து மரம், கண்மாய்க் கரையில் மூன்று. கிணத்து மரத்துப் பழம் சின்னது, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் சிறிசு. தோல் மெலிசு, முதலில் புளிக்கும், அப்புறம் இனிக்கும். சுடலை கோயில் மரம் வெறும் இனிப்பு, வாயில் போட்டால் மாவாகக் கரையும், ஆனால் பாதிப் பழத்தில் புழு. பொழுது சாய்ந்துவிட்டால் அந்தப் பக்கம் போக யாருக்கும் துணிச்சல் கிடையாது என்பது வேறு விஷயம். ரயில் ரோட்டு மரம் துவர்க்கும். களத்து மரத்தில் கொட்டையைச் சுற்றித் தோல் மட்டும் போர்த்தினமாதிரி சதையே இருக்காது. கண்மாய்க் கரை மூன்றில் நடு மரம் பரவாயில்லை.

இந்தக் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் நாக்கில் இருந்தது. ஏழும் கொட்டையிலிருந்து தானாக முளைத்த மரங்கள். கொட்டையில் முளைக்கிற இலந்தை தாயைக் கொண்டு பிறக்கும் என்று நிச்சயமில்லை; பூவுக்கு மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்து ஈயும் தேனீயும் கொண்டு வருவது. அதனால் காட்டில் ஒவ்வொரு மரமும் ஒரு தனி ரகம். கடைச்சரக்கைப் போல 'இலந்தை ஒரு கிலோ' என்று சொல்வதற்கு அங்கே வழியில்லை.

இந்த இடத்தில் எனக்குச் சபரி நினைவு வரும். ராமனுக்குப் பழத்தைக் கடித்துப் பார்த்துக் கொடுத்தாள் என்று கதை சொல்கிறோம், வடக்கே அது இலந்தைப் பழம்தான். கடித்துக் கொடுத்த விவரம் வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. பின்னால் வந்து சேர்ந்தது. அதைப் பக்தியின் உச்சம் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்தக் கதையை முதலில் சொன்னவர் கண்டிப்பாக இலந்தை பொறுக்கியவராகத்தான் இருக்க வேண்டும். ஒரு மரத்தடிக்குப் போனால் முதல் வேலை ஒரு பழத்தைக் கடித்துப் பார்ப்பது. கடிக்காமல் யாரும் மடியை விரிப்பதில்லை.

சரி, பொறுக்கும் வேலைக்கு வருகிறேன்.

புரட்டாசி, ஐப்பசியில் பூக்கும். பச்சையும் மஞ்சளுமாகப் பொடிப் பொடியான பூ; மணம் என்று சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஈக்களுக்குத்தான் அது வாசனை. மார்கழிக் கடைசியில் காய் வெளுக்க ஆரம்பித்து, தை, மாசியில் பழம் உதிரும். கரிசலில் அது பருத்தி எடுக்கிற காலத்தோடு ஒட்டி வரும். பருத்திக்குப் போன பெண்கள் திரும்பும்போது மடியில் பருத்தியும் முந்தி முடிச்சில் இலந்தையுமாக வருவார்கள். இலந்தைக்கென்று தனியாக யாரும் கிளம்பிப் போனதில்லை. போகிற வழியில், வருகிற வழியில் நடந்த வேலை அது.

விடியற்காலையில் போக வேண்டும். ராத்திரி உதிர்ந்த பழம் அப்போதுதான் கிடைக்கும். வெயில் ஏறினால் ஆடுகள் வந்துவிடும். ஆடு தின்றதைக் குறை சொல்ல முடியாது, அது கொட்டையைத் துப்பி வேறிடத்தில் மரம் போடுகிறது. பச்சைக் காயை உலுக்கி விழத்தட்டிக்கொண்டு வந்து வீட்டில் பழுக்கவைக்கலாம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அது வாடும், பழுக்காது. மஞ்சளும் செம்மையும் கலந்த பழம் தின்பதற்கு. அதையும் தாண்டி, காவி நிறமாகி, தோல் சுருங்கி, தொட்டால் மெத்தென்று அமுங்குகிற பழம்தான் உரலுக்கு. பழக்கடையில் அழுகல் என்று ஒதுக்கப்படுகிற அந்தச் சுருங்கல் பழத்தைத்தான் ஆச்சி முதலில் எடுப்பாள். மரமே பாதி காயவைத்துக் கொடுத்த பழம் அது; நமக்கு இரண்டு வெயில் மிச்சம்.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. இலந்தையில் முள் ஜோடி ஜோடியாக வரும். ஒன்று நேராக இருக்கும், இன்னொன்று கொக்கியாக வளைந்திருக்கும். நேர் முள் குத்தும், வளைந்த முள் விடாது. கையை உள்ளே விடுவது எளிது, எடுப்பதுதான் பாடு. சட்டை மாட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது. கையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, கொக்கியைக் கழற்றி, பிறகு எடுக்க வேண்டும். சூரைமுள்ளுக்கும் இதே வைத்தியம்தான்.

அடுத்தது புழு. இலந்தைக்கென்றே ஒரு பழ ஈ இருக்கிறது. காய் பிஞ்சிலிருந்து திரளும்போது தோலில் துளைபோட்டு முட்டை வைக்கும். புழு உள்ளே கொட்டையைச் சுற்றிச் சதையைத் தின்னும். வெளியே ஊசி குத்தினமாதிரி ஒரு கரும்புள்ளியும், அந்த இடத்தில் சின்னப் பள்ளமும் தெரியும். சந்தேகம் இருந்தால் உப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டுவிடுங்கள். மிதக்கிறதைத் தள்ளிவிட்டு, மூழ்கியதில் நாலைந்தைப் பிட்டுப் பாருங்கள். நாங்கள் சின்ன வயதில் பிட்டெல்லாம் பார்த்ததில்லை. இருட்டில் தின்றால் புழு இல்லை என்பது எங்கள் கட்சி. சொத்தைப் பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது. புழு வெளியே வந்து அந்த மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகும், அங்கேயே அடுத்த ஈயாகும். பொறுக்கி நெருப்பில் போடுங்கள். கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திப் புரட்டிவிட்டாலும் வெயிலில் கூடுகள் காய்ந்துபோகும்.

இப்போது உரல், இலந்தை வடை இடிக்க.

ஒரு கிலோ சுருங்கல் பழம். நூறு கிராம் பழைய புளி. பன்னிரண்டு மிளகாய் வற்றல். கல் உப்பு ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் குறைவாக. கொண்டைக்கடலை அளவு கட்டிப் பெருங்காயம். இது எங்கள் வீட்டுக் கணக்கு. பழம் எந்த மரம் என்பதைப் பொறுத்துப் புளி கூடும், குறையும். கிணத்து மரத்துக்கு ஆச்சி பாதிப் புளிதான் போடுவாள்.

முதலில் மிளகாயையும் உப்பையும் பெருங்காயத்தையும் இடித்துவிட வேண்டும். உப்பின் கற்கள்தான் மிளகாயைப் பொடிக்கும். அடுத்து புளி, கோது எடுத்த புளி மிளகாய்ப் பொடியை வாரிக்கொண்டு ஒரு உருண்டையாகத் திரளும். கடைசியாகப் பழம். கழுவி, துணியில் விரித்து, ஈரம் போக உலர்த்தி வைத்த பழம். அது உரலுக்குள் போனதும் உலக்கை பிடிக்கிற கை மாற வேண்டும். மிளகாய்க்கு ஓங்கி இடிக்கிறோம், இதற்கு இடிக்கவே கூடாது. உலக்கையைத் தூக்கி விட்டுவிட வேண்டும். அதன் சொந்தக் கனத்தில் அது விழும். தோல் கிழிந்து சதை வழன்று வரும், கொட்டை உடையாது. என் கையில் உலக்கையைக் கொடுத்துவிட்டு ஆச்சி பின்னாலிருந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். சதையில் விழுந்தால் 'பொத்' என்று கேட்கும். கொட்டையில் விழுந்தால் 'டக்' என்று கேட்கும். டக் என்றால், "மெல்ல..." என்பாள்.

கொட்டையை ஏன் எடுத்துவிடவில்லை என்று கேட்பீர்கள். காட்டு இலந்தையில் பாதிக்கு மேல் கொட்டைதான். அதை எடுக்க உட்கார்ந்தால் பகல் முழுவதும் உட்கார்ந்து ஒரு கை சதை தேறும். அதனால் எடுப்பதில்லை. முழுக் கொட்டையாக இருந்தால் வாயில் ஒதுக்கி, சப்பி, துப்பிவிடலாம். அரைகுறையாக உடைந்த கொட்டைதான் பல்லைப் பதம் பார்க்கும். கடைப் பாக்கெட் வடையைக் கடித்துக் கடைவாய்ப் பல்லில் விரிசல் கண்டவள் நான். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். பல் வைத்தியருக்குக் கொடுத்த பணத்தைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

விழுதைச் சின்ன எலுமிச்சை அளவு எடுத்து, உள்ளங்கையில் தட்டி, ஓலைப்பாயில் போட வேண்டும். நடுவே விரலால் ஒரு அமுக்கு. தடிப்பு எங்கே அதிகமோ அங்கேதான் ஈரம் கடைசிவரை ஒளிந்திருக்கும், அதற்காகத்தான் அந்த அமுக்கு. பிளாஸ்டிக் விரிப்பில் போடாதீர்கள், அடியில் வேர்த்துக்கொள்ளும். பாயில் காற்று கீழிருந்தும் வரும். சாயங்காலம் பனிக்கு முன்னால் உள்ளே எடுத்துவிட வேண்டும். மறுநாள் திருப்பிப் போட வேண்டும். நல்ல மாசி வெயில் என்றால் நாலு நாள். பதம் பார்க்க ஒன்றை எடுத்து வளைத்துப் பாருங்கள்: வளைய வேண்டும், வெடிக்கக் கூடாது, விரலில் ஒட்டக் கூடாது.

இதில் நடப்பது என்ன என்று வகுப்பறை மொழியில் ஒரே நிமிஷம். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேண்டியது தண்ணீர். வெயில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிடுகிறது. மிச்சம் இருப்பதை உப்பும் பழத்தின் சர்க்கரையும் பிடித்து வைத்துக்கொண்டு கிருமிக்குக் கொடுப்பதில்லை. புளியின் அமிலம் காவலுக்கு நிற்கிறது. வைட்டமின் சி பச்சைப் பழத்தில் நிறைய உண்டு, ஆனால் வெயிலில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே சத்துக்காக என்று யாரும் வடை தின்ன வேண்டாம். ருசிக்காகத் தின்றால் போதும்.

என் முதல் முயற்சியைச் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்ற வருஷம். ஆச்சி இல்லை; உரல் கொல்லையில் மண் மூடிக் கிடந்தது. மிக்ஸியில் போட்டேன். முதல் சுற்றிலேயே 'கடகட' என்றது, பிளேடு வளைந்துவிட்டது. விடவில்லை. அம்மிக்கல்லில் நசுக்கினேன், தட்டினேன், மாடியில் காயவைத்தேன். மூன்றாம் நாள் மேகம் போட்டது. மேலே காய்ந்துதானே இருக்கிறது என்று, மாடியிலிருந்து இறக்கிய சூட்டோடு சூடாகப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து இறுக்கி மூடினேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் வடைக்கு நரை விழுந்திருந்தது; வெள்ளை வெளேரென்று பூஞ்சை. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, முப்பது வருஷம் பூஞ்சைப் பாடம் நடத்தினீங்களே" என்றாள். முழுதும் குப்பைக்குப் போனது. பூஞ்சை பிடித்த இடத்தைச் சுரண்டிவிட்டு மிச்சத்தைத் தின்னலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்த வருஷம் உரலைத் தோண்டி எடுத்தோம். வடை நன்றாகக் காய்ந்து ஆறிய பிறகு பீங்கான் ஜாடியில் அடுக்கி வாயில் துணி கட்டினேன். பங்குனியில் ஒரு வெயில், வைகாசியில் ஒரு வெயில் காட்டினேன். கெடவில்லை. ஆனால் ருசியும் இல்லை. கைப்பக்குவம் போதவில்லை என்று நினைத்து உப்பை மாற்றினேன், மிளகாயை மாற்றினேன். மூன்று வருஷம் இப்படியே போயிற்று. கடைசியில் பக்கத்து ஊரிலிருந்து என் பெரியம்மா மகள் வந்து ஒரு துண்டு வாயில் போட்டாள். "எந்த மரத்துப் பழம்க்கா?" என்றாள்.

சந்தையில் வாங்கியது என்றேன். அவள் பிறகு ஒன்றும் பேசவில்லை.

நாம் 'கைப்பக்குவம்' என்று சொல்லிக் கொண்டாடுவதில் முக்கால்வாசி கையில் இல்லை. மரத்தடியில் எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பதில் முடிந்துவிடுகிறது. உரலுக்கு வருவதற்குள் வடை பாதி ஆகிவிட்டது. பாக்கெட் வடையில் உங்களுக்குத் தெரிகிற புளிப்பு புளியின் புளிப்பு. வெல்லம் போடுகிறார்களே, அது பழத்தில் இனிப்பு இல்லாததற்குச் சொல்கிற சமாதானம். வெல்லம் போட்டுத்தான் எங்கள் வீட்டில் செய்வோம் என்கிற அக்காமார்கள் இங்கே இருப்பீர்கள், கோபம் வேண்டாம். நான் எங்கள் மரத்தின் கட்சி.

நமக்கு மட்டும் சொந்தமான பண்டம் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தெலுங்கு நாட்டில் இதே வடையை ரேகி வடியாலு என்கிறார்கள். போகியன்று குழந்தைகளின் தலையில் இலந்தைப் பழத்தைச் சொரிகிற வழக்கமும் அங்கே உண்டு. சீனத்து இலந்தை வேறு இனம். அதைக் காயவைத்துத்தான் சிவப்புப் பேரீச்சை என்று விற்கிறார்கள். ஜிம்பாப்வேயில் ஜாம்பசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இதே நம்ம இலந்தைக்கு மசாவ் என்று பேர். அவர்களும் காயவைக்கிறார்கள், இடித்து மாவாக்கிக் கஞ்சியில் போடுகிறார்கள். ஊறவைத்துக் காய்ச்சிச் சாராயமும் இறக்குகிறார்கள். அந்த வித்தை எனக்குத் தெரியாது, இந்தக் கூட்டத்தில் சொல்லவும் முடியாது.

மரங்கள் என்ன ஆயின என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஏழில் இப்போது இருப்பது ஒன்று. களத்து மரம் வீடாகிவிட்டது. ரயில் ரோட்டு மரமும் சுடலை கோயில் மரமும் எப்போது போயின என்று எவருக்கும் ஞாபகமில்லை. கண்மாய்க் கரை மூன்றும் 2017-இல் போயின. சீமைக் கருவேலத்தை அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டு, ஊரெங்கும் பொக்லைன் ஓடிய சமயம். ஒப்பந்தக்காரருக்கு முள் இருந்தால் கருவேலம். இலை எப்படி இருக்கிறது என்று பார்க்க யார் இறங்குவார்கள்? இலந்தை இலையின் அடிப்பக்கம் வெள்ளையாக, துணிபோல இருக்கும். தூரத்திலிருந்தே காற்றில் புரளும்போது தெரியும். நான் போய்ச் சேர்வதற்குள் வேர் மேலே கிடந்தது. உத்தரவில் நான் குற்றம் சொல்லவில்லை. சீமைக் கருவேலம் வந்த மரம், வந்த இடத்தில் மற்றதை விடவில்லை. ஆனால் ஒரு விசித்திரம் கேளுங்கள்: ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துக்கு நம்ம இலந்தை வந்த மரம். மாட்டுக்காடுகளில் அடர்ந்து முள்புதராகி, அங்கே அது அரசாங்கம் அறிவித்த களை. இங்கே கருவேலத்தைப் பிடுங்குகிறமாதிரி அங்கே இலந்தையைப் பிடுங்குகிறார்கள்.

மரம் இருந்தும் பழம் குறைந்ததற்கு வேறொரு காரணம் இருக்கிறது. இது எனக்கு வெகு தாமதமாகத்தான் பிடிபட்டது. அந்தக் காலத்தில் பழம் முடிந்ததும் கோடையில் இலந்தைக் கிளைகளை அரிவாளால் கழித்துப் புஞ்சைக்கு வேலி போடுவார்கள், ஆட்டுக் கிடைக்குப் படல் கட்டுவார்கள். இலந்தை அந்த வருஷம் விட்ட புதுக் கொம்பில்தான் பூத்துக் காய்க்கும். ஜோத்பூரில் வறண்ட நிலத்துக்கென்று இருக்கிற மத்திய ஆராய்ச்சி நிலையத்தார் விவசாயிகளுக்குச் சொல்லுவதும் அதுதான்: வருஷா வருஷம் கவாத்துச் செய். வேலிக்கு முள் வெட்டியவர் கவாத்து என்ற சொல்லையே கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவருக்கு வேலி வேண்டும், மரத்துக்கு வெட்டு வேண்டும். கம்பி வேலி வந்தது, யாரும் கிளையைத் தொடவில்லை. மரம் உயரமாகப் போய், பழம் சிறுத்து, கைக்கும் தொரட்டிக்கும் எட்டாத இடத்தில் காய்த்துக் காக்கைக்குப் போனது. பிள்ளைகளும் மரத்தடிக்கு வருவதை விட்டார்கள்.

கடையில் இப்போது ஆப்பிள் இலந்தை என்று பெரிசாக, பச்சையாக, நீர் நிறைந்து ஒன்று வருகிறது. நறுக்கி மிளகாய்ப் பொடி தூவித் தின்ன நன்றாகத்தான் இருக்கிறது. வடைக்கு மட்டும் ஆகாது. நீர் அதிகம், புளிப்பு இல்லை. வெயிலில் காயக் காய நார்தான் மிஞ்சுகிறது. செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மிச்சமிருக்கிற அந்த ஒரு மரம் கிணத்து மரம். கிணறு தூர்ந்துவிட்டது, நிலம் கைமாறிவிட்டது. இப்போதைய உரிமையாளர் நல்ல மனிதர். நாலு வருஷத்துக்கு முன்னால் அனுமதி கேட்டு, சித்திரையில் ஆள் வைத்துக் கிளைகளைக் கழித்தேன். மரத்தை மொட்டையடித்துவிட்டேன் என்று ஊரே திட்டியது. அந்த மழைக்குத் துளிர்த்து, தையில் கைக்கெட்டும் உயரத்தில் காய்த்தது. இந்தப் பையில் இருப்பது நேற்று விடியற்காலை பொறுக்கியது. அந்தத் தட்டில் இருப்பது போன வருஷத்து வடை.

பேசி முடித்துவிட்டேன், பையைச் சுற்றில் விடுகிறேன். ஆளுக்கு நாலு பழம் எடுத்துக்கொள்ளுங்கள். பிட்டுப் பார்த்துத் தின்னுங்கள், உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்தது என்றாலும் புழுவுக்கு நான் ஜாமீன் இல்லை. தின்றதும் கொட்டையை இந்தக் காகிதப் பையில் போடுங்கள், வெளியே எறிய வேண்டாம். அதை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளி, மூழ்கியதைத் தொட்டியில் விதைக்கப் போகிறேன். ஓட்டோடு போட்டால் முளைக்க ஒரு மாதம் ஆகும். ஓட்டை மெல்லத் தட்டி உள்விதையை எடுத்துப் போட்டால் ஒரு வாரத்திலேயே முளைக்கிறது. முளைப்பதெல்லாம் கிணத்து மரமாக இருக்காது என்று முன்னமே சொன்னேன். அதனால் கன்று பென்சில் தடிமன் வந்ததும் கிணத்து மரத்துக் கொம்பிலிருந்து மொட்டு எடுத்து வந்து ஒட்டுக் கட்ட வேண்டும். இதில் தேர்ந்த கை ஒருவரைப் பேசி வைத்திருக்கிறேன். கன்று வேண்டும் என்பவர்கள் வாசலில் இருக்கிற நோட்டில் பேர் எழுதிவிட்டுப் போங்கள். முள் மரம், வீட்டு வாசலில் வைக்க முடியாது. இடத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வடையில் இருக்கிற கொட்டை எனக்கு வேண்டாம், அது உப்பில் ஊறியது. அதற்கு அந்த மூலையில் வாளி இருக்கிறது.